உடைந்த பாலமும் முன்னாடி போறவளும்

எங்கள் ஆயா அதைப் பாலம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவளுக்கு அது வாராவதி. "வாராவதி இருந்தப்போ" என்று ஆரம்பித்தாள் என்றால் தட்டில் போட்ட சோறு ஆறிவிடும். சீனிவாசபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் கிளம்பி, வாராவதி ஏறி, அக்கரையில் காலை வைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒருமுறை கேட்டேன். "ஒரு வெத்தல போட்டுத் துப்புற நேரம்" என்றாள். அவளிடம் கடிகாரம் கிடையாது. வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, பாக்கை வைத்து மடித்து வாயில் அதக்கிக்கொண்டு ஏறினால், மென்று முடித்துக் காரம் அடங்கும்போது பெசன்ட் நகர்ப் பக்கத்து மணல் வந்துவிடும். தலையில் சும்மாடு, அதன்மேல் அலுமினிய அன்னக்கூடை. கூடையில் சங்கரா, காரப்பொடி, நல்ல நாளாக இருந்தால் கொஞ்சம் இறால்.

அந்த வாராவதியைத்தான் இன்றைக்கு ஊரே ப்ரோக்கன் பிரிட்ஜ் என்கிறது.

இடம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அடையாறு கடலில் விழுகிற இடம் அது. வடகரையில் பட்டினப்பாக்கமும் சீனிவாசபுரமும். தென்கரையில் பிரம்மஞான சபையின், அதாவது தியோசபிகல் சொசைட்டியின், பெரிய தோட்டம், அதைத் தாண்டி ஊரூர் குப்பம், ஆல்காட் குப்பம், பெசன்ட் நகர். இரண்டு கரையிலும் எங்கள் ஆட்கள்தான். இந்தக் கரையில் பெண் எடுத்து அந்தக் கரையில் பெண் கொடுத்த குடும்பங்கள் எத்தனையோ. சாந்தோம் பக்கத்து மீனவர்கள் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைப் பக்கம் நடந்து போய் வரட்டும் என்றுதான் 1967-இல் அந்தப் பாலத்தைக் கட்டினார்கள். 1977-இல் ஆற்றுச் சுழல் அதை அடித்துக்கொண்டு போயிற்று. பத்தே வருஷம். அதற்கப்புறம் யாரும் அதைச் சேர்த்துக் கட்டவில்லை. மீதி நின்றது அப்படியே நிற்கிறது. தென்கரையிலிருந்து அதன்மேல் நடந்து போனால், ஒரு இடத்தில் தரை முடிந்து கீழே தண்ணீர் தெரியும்.

நான் பிறந்தபோது அது உடைந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. முழுப் பாலத்தை நான் பார்த்ததே இல்லை. பார்த்தவர்கள் சொல்லச் சொல்ல எனக்குள் அது முழுசாகத்தான் இருக்கிறது.

இன்றைக்கு அந்தப் பாலத்தின் பெயரைக் கைப்பேசியில் தட்டினால் முதலில் வந்து நிற்பது பேய்தான். சென்னையில் பேய் உலவும் இடங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் இதற்கு ஓர் இடம் உண்டு. கதை ஆளுக்கு ஆள் மாறும். ஒரு பெண்ணை அங்கே கொன்று ஆற்றில் போட்டுவிட்டார்கள், அவள்தான் ராத்திரியில் அழுகிறாள் என்பது ஒன்று. பாலம் உடைந்தபோது மேலே போய்க்கொண்டிருந்த குடும்பம் ஒன்று அடித்துப் போனது, அவர்கள் இன்னும் அக்கரை சேர முடியாமல் நடக்கிறார்கள் என்பது இன்னொன்று. பாலத்தின் முனைக்குப் போனால் பின்னால் காலடிச் சத்தம் கேட்கும், திரும்பினால் யாரும் இருக்க மாட்டார்கள் என்பார்கள். தண்ணீர்மேல் வெளிச்சம் நகரும் என்பார்கள். வெள்ளைப் புடவை இல்லாமல் நம்மூரில் கதை முடியாது, அதுவும் உண்டு.

கல்லூரியில் என்கூடப் படித்த தோழி ஒருத்தி இந்தக் கதைகளை எல்லாம் எனக்கே சொன்னாள், நான் அந்த ஊர் என்று தெரியாமல். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் சொன்ன பெண்ணுக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை, தலையில் கூடை இல்லை. அன்று ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை. அந்தப் பாலத்தில் பத்து வருஷம் தினமும் நடந்த பெண்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருத்தியைப் பற்றிக்கூடக் கதை இல்லை. யாரும் பார்த்திராத ஒருத்தியைப் பற்றி மட்டும் ஊரெல்லாம் கதை. பேய்க் கதைமேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது, நான் பேய்க் கதை கேட்டு வளர்ந்தவள். ஆனால் அந்த இடத்தைப் பற்றிப் பேச வேறு எவ்வளவோ இருக்கிறது, அதை யாராவது எழுதி வைக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

சின்ன வயதில் எனக்கும் பயம் இருந்தது. என் பயத்தைப் போக்கியது சித்தப்பா. அப்பாவின் தம்பி, கட்டுமரத்தில் ஆரம்பித்து பிறகு ஃபைபர் போட்டுக்கு மாறியவர். அக்கரையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும், பொழுது சாயும் நேரத்தில் என்னையும் அவர் மகனையும் பாலத்துக்குக் கூட்டிப் போனார். முனைவரைக்கும் விடவில்லை. பத்தடி முன்னாலேயே உட்காரவைத்து, "வாய மூடிக்கினு கேளு" என்றார்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தது. பாலத்தின் கால்களைச் சுற்றித் தண்ணீர் உறிஞ்சுகிற சத்தம், யாரோ வாயை ஒட்டவைத்துப் பிரிப்பது மாதிரி. உடைந்த இடத்தில் சிமென்ட் உதிர்ந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளில் காற்று பட்டு மெல்லிய ஒரு விசும்பல். அது ஏறி இறங்கும், நின்றுவிடும், மறுபடி வரும். கீழே இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் வீச்சு வலை போட்டுக்கொண்டிருந்தார். வலை விரிந்து விழும்போது 'சள்'ளென்று ஒரு சத்தம், அதற்கப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. திடீரென்று மணல் திட்டிலிருந்து ஒரு கத்தல், கிட்டத்தட்ட மனுஷக் குரல். நான் சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆள்காட்டிம்மா" என்றார்.

ஆள்காட்டிக் குருவி. ஆள் வருவதைக் கத்திக் காட்டிக்கொடுக்கும் பறவை, பேரே அதுதான். ராத்திரியிலும் கத்தும். அதற்குப் பின்னால் தூரத்தில், பிரம்மஞான சபைத் தோட்டத்துப் பக்கமிருந்து ஊளை. அங்கே நரி உண்டு. நகரத்தின் நடுவில் நரி ஊளை கேட்கிற இடங்கள் நமக்கு மிச்சம் இருப்பதே பெரிய விஷயம் என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்கு அப்படி நினைக்கவில்லை, வீட்டுக்குப் போகலாம் என்று மட்டும்தான் நினைத்தேன்.

வெளிச்சத்துக்கும் அவரிடம் பதில் இருந்தது. ராத்திரி நண்டு பிடிப்பவர்கள் கையில் டார்ச் இருக்கும். தை மாசி மாதங்களில் கடற்கரை நெடுகிலும் இன்னொரு கூட்டம் நடக்கும். பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் காலம் அது. நாயும் மனுஷனும் எடுத்துப் போவதற்கு முன்னால் அந்த முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்க வைப்பதற்காக 1988-லிருந்து மாணவர்கள் ராத்திரி முழுக்க இந்தக் கரையோரம் நடக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் நாலைந்து நிழல் வரிசையாக அசைவது மட்டும்தான் தெரியும். அப்புறம் 2019 ஆகஸ்டில் ஒரு ராத்திரி பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கமெல்லாம் அலை நீலமாக ஒளிர்ந்தது நினைவிருக்கும். கண்ணுக்குத் தெரியாத கடல் உயிர்கள், தண்ணீர் அலையும்போது ஒளிவிடுபவை. அன்றைக்கு ஊரே கைப்பேசியோடு கடற்கரைக்கு ஓடியது. எங்கள் வீட்டில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. ராத்திரி வலை இழுக்கும்போது வலையெல்லாம் மினுக்குவதைப் பார்த்தவர்கள் அவர்கள்.

இப்படி எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லிவிட்டால் பேய் போய்விடுமா? போகாது என்பதற்கு அந்தப் பாலத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கதை இருக்கிறது. பாலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்று எனக்குப் புரிவதே இல்லை.

பிரம்மஞான சபையை நியூயார்க்கில் 1875-இல் தொடங்கியவர்களில் முக்கியமான இரண்டு பேர் பிளவாட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும். 1882-இல் அவர்கள் அடையாற்றின் தென்கரையில் ஒரு தோட்டத்தை வாங்கிக் குடிவந்தார்கள். அந்த வீட்டு மாடியில் ஓர் அறையில் சுவரோடு ஒட்டி ஒரு மர அலமாரி. அதற்குள் கேள்வி எழுதி வைத்தால், இமயமலைக்கு அப்பால் இருக்கும் மகாத்மாக்களிடமிருந்து பதில் கடிதம் தானாக வந்து விழும் என்று நம்பினார்கள். அந்த வீட்டில் வேலை பார்த்த எம்மா கூலோம் என்ற பெண்ணும் அவர் கணவரும் 1884-இல் அதெல்லாம் ஏமாற்று, அலமாரிக்குப் பின்னால் வழி இருக்கிறது என்று சொல்லி, பிளவாட்ஸ்கி எழுதியவை என்று சில கடிதங்களையும் வெளியே கொடுத்தார்கள். மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ் பத்திரிகை அவற்றை அச்சிட்டது. லண்டனிலிருந்து, ஆவி சம்பந்தப்பட்ட விஷயங்களை ஆராய்வதற்கென்றே இருந்த ஒரு சங்கம், ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் என்பவரை அடையாற்றுக்கு அனுப்பியது. அவர் மாதக்கணக்கில் இங்கே தங்கி விசாரித்து, எல்லாம் மோசடி என்று 1885-இல் அறிக்கை கொடுத்தார். பிளவாட்ஸ்கி அந்த வருஷமே இந்தியாவை விட்டுப் போனார், திரும்பி வரவே இல்லை. நூறு வருஷம் கழித்து, 1986-இல், அதே சங்கத்தைச் சேர்ந்த வெர்னன் ஹாரிசன் என்பவர் ஹாட்ஜ்சன் அறிக்கையை எடுத்து அலசி, அது நியாயமாகச் செய்த விசாரணை இல்லை என்று எழுதினார்.

பேய் இருக்கிறதா என்று பார்க்கக் கப்பலேறி ஆள் வந்து, காகிதம் காகிதமாக எழுதி, அதற்கு நூறு வருஷம் கழித்து மறு விசாரணையும் நடந்த ஆற்றங்கரை இது. உடைந்த பாலத்திலிருந்து பார்த்தால் அந்தத் தோட்டத்து மரங்கள் தெரியும். ஆல்காட் பெயர் எங்கள் ஆட்கள் வாயில் இருப்பது இதற்காக இல்லை. ஒதுக்கி வைக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்காக 1894-இல் அவர் பள்ளிக்கூடம் திறந்தார், குப்பத்துக்கும் அவர் பெயர் நின்றுவிட்டது. அலமாரியில் கடிதம் விழுந்ததோ இல்லையோ, பள்ளிக்கூடம் நிஜம்.

செத்தவர்கள் உலவ வேண்டும் என்றால் அந்தக் கழிமுகத்தில் உலவ ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். ஊரைத் தன்னிடம் ஒப்படைக்கவில்லை என்று ஆற்காட்டு நவாப் அன்வருதீன் தன் மகன் மாபூஸ்கானைப் பெரும்படையோடு அனுப்பினார். பத்தாயிரம் பேர் என்பார்கள். இந்த ஆற்று வடகரையில் அந்தப் படை நின்றது. புதுச்சேரியிலிருந்து பாரடிஸ் என்ற அதிகாரியின் கீழ் வந்தது ஆயிரம் பேர் அளவுக்குத்தான். அதிலும் பெரும்பாலானவர்கள் நம்மூர்ச் சிப்பாய்கள். அவர்கள் ஆழம் குறைந்த இடமாகப் பார்த்து ஆற்றில் இறங்கி நடந்தே கடந்து சுட்டார்கள், நவாப் படை சிதறி ஓடியது. பயிற்சி உள்ள ஒரு சின்னப் படை பெரிய படையை இப்படி அடித்தது இந்தியாவில் எல்லாருடைய கணக்கையும் மாற்றியது என்று சரித்திரப் புத்தகங்களில் இருக்கும். குயிபிள் ஐலண்ட் என்று இன்றைக்குக் கல்லறைத் தோட்டம் இருக்கிற பக்கம் அது.

இவ்வளவு பேர் செத்த இடத்தில் தலைப்பாகை கட்டிய ஒரு சிப்பாயின் ஆவியைப் பார்த்ததாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பேய்க்குக்கூட நாம் ஆள் தேர்ந்தெடுத்துத்தான் வைக்கிறோம்.

அந்தச் சண்டை நடந்தபோது அடையாற்றின்மேல் ஒரே ஒரு பெரிய பாலம்தான் இருந்தது, உள்ளே தள்ளி, சைதாப்பேட்டையில். கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி 1726-இல் தன் கைக்காசு 30,000 வராகன் போட்டுக் கட்டியது. பரங்கிமலைக்குப் போகிற ஜனங்கள் ஆற்றில் இறங்கிக் கஷ்டப்படுகிறார்களே என்று கட்டினார். மலைக்குப் படிக்கட்டும் அவர் செலவுதான். பாலத்தைப் பராமரிக்கத் தனியாகவும் பணம் வைத்தார். மாம்பலம் என்ற பெயர் வெள்ளைக்காரர் வாயில் மர்மலாங் ஆகி, பாலத்துக்கும் அதுவே பெயராயிற்று. இருநூறு வருஷத்துக்கு மேல் அது உழைத்தது. இப்போது அங்கே இருப்பது மறைமலை அடிகள் பாலம். பழைய கல்வெட்டு மட்டும் மிஞ்சி நிற்கிறது. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் யாரும் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், நானும் பல வருஷம் பார்த்ததில்லை. உஸ்கான் 1751-இல் இறந்தார். உடல் வேப்பேரியில் புதைக்கப்பட்டது. இதயத்தை மட்டும் எடுத்து அவர் பிறந்த ஜுல்பாவுக்கு, பாரசீகத்துக்கு, கொண்டு போனார்கள் என்று சொல்வார்கள். பேய்க் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்?

அப்புறம் 1840 வாக்கில் வந்த எல்பின்ஸ்டன் பாலம். ஆளுநர் பெயர். பக்கத்தில் 1973-இல் திரு.வி.க. பாலம் வந்ததும் அது ஓய்ந்தது. ஹாமில்டன் வாராவதி என்று ஒன்று கால்வாய்மேல் இருந்து, ஹாமில்டன் என்பது மக்கள் வாயில் அம்பட்டன் ஆகி, அதை மறுபடி ஆங்கிலத்தில் பார்பர்ஸ் பிரிட்ஜ் என்று எழுதிய கதையும் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

சரி, அவையெல்லாம் அத்தனை வருஷம் நின்றபோது எங்கள் வாராவதி மட்டும் ஏன் பத்து வருஷத்தில் போயிற்று? இதை நான் சித்தப்பாவிடம்தான் கேட்டேன். அவர் காலால் மணலில் ஒரு கோடு போட்டார். "இது கர. இது ஆறு. இது எங்க வேணா இருக்கட்டும், நிக்கும்." கோட்டின் முனையைக் காலாலேயே கலைத்தார். "இது ஆத்துவாய். இது ஒரு எடத்துல நிக்காதும்மா. இன்னிக்கு இங்க, தண்ணி மாறுனா அங்க."

அவர்கள் பேச்சில் தண்ணீர் என்றால் நீரோட்டம். தெற்கேயிருந்து வடக்கே போவது தெண்டி. வடக்கேயிருந்து தெற்கே வருவது வன்னி. வருஷத்தில் பெரும்பகுதி மணல் தெற்கேயிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். துறைமுகத்துச் சுவர் அதைத் தடுத்ததால்தான் மெரினா இவ்வளவு அகலமாயிற்று, துறைமுகத்துக்கு வடக்கே கரை அரித்துப் போயிற்று. அந்த மணல்தான் அடையாற்றின் வாயையும் அடைக்கிறது. கோடையில் ஆற்றில் தண்ணீர் இல்லாதபோது மணல் திட்டு இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக வளர்ந்து வாயை மூடிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டி ஆறு வரும்போது திட்டை உடைத்துக்கொண்டு பாயும். எந்த இடத்தில் உடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. உள்ளேயிருந்து வெள்ளம், வெளியேயிருந்து ஏற்றத் தண்ணி, இரண்டும் மோதுகிற இடத்தில் சுழல். சுழல் பாலத்தின் காலைச் சுற்றி மணலைத் தோண்டும். மேலே நிற்கிறவர்களுக்குப் பாலம் நன்றாகத்தான் தெரியும். கீழே பிடிமானம் போய்க்கொண்டிருக்கும். "கால புடிச்சு இழுத்துச்சின்னு வெச்சுக்கோயேன்" என்றார் சித்தப்பா. பேய்க் கதையில் வருகிற அதே வார்த்தை.

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள், அந்தத் தண்ணீர் எல்லாம் இந்த வாய் வழியாகத்தான் கடலுக்குப் போயிற்று. மீதி நின்ற பாலம் அதையும் தாங்கிக்கொண்டு நின்றது.

பாலம் போனபிறகு ஆயாவின் வாழ்க்கை என்ன ஆயிற்று என்பதை எந்தப் பட்டியலிலும் நான் படித்ததில்லை. ஒரு வெற்றிலை நேரம் அரை நாளாயிற்று. பட்டினப்பாக்கத்தில் பஸ் ஏறி, அடையாற்றில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்துப் பெசன்ட் நகர். மீன் கூடை என்றால் பல கண்டக்டர்கள் ஏற்ற மாட்டார்கள். "நாத்தம், எறங்கும்மா" என்று நடுவழியில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். ஒருநாள் வெயிலில் கூடையோடு அடையாற்றுப் பெரிய பாலம் தாண்டி நடந்தே போய்ச் சேர்ந்தபோது மீன் கெட்டுவிட்டது. அத்தனையையும் கொட்டிவிட்டு வெறும் கூடையோடு திரும்பினாள். அதற்கப்புறம் அக்கரைக்குப் போகவில்லை. மந்தைவெளிப் பக்கம் தெருத்தெருவாகச் சுற்றினாள். பெசன்ட் நகரில் அவளிடம் வாடிக்கையாக வாங்கிய வீடுகள் இருந்தன. அந்த வீட்டுக் குழந்தைகளின் பெயர்களை அவள் கடைசிவரை மறக்கவில்லை. அங்கே அன்னை வேளாங்கண்ணி கோயில் 1972-இல் வந்தபோது, கொடியேற்றத்துக்கு இங்கிருந்து பெண்கள் எல்லாரும் கூட்டமாக வாராவதி வழியாக நடந்து போனதைச் சொல்லும்போது அவள் முகம் சின்னப் பெண் முகம் மாதிரி ஆகிவிடும்.

2004 டிசம்பர் 26-ஐப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. சீனிவாசபுரத்தில் சுனாமி என்ன செய்தது என்பது ஊருக்குத் தெரியும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். அதற்கப்புறம் பல மாதம், எங்கள் தெருவில் ராத்திரி யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒருவரும் உடனே பதில் சொல்ல மாட்டோம். மூன்று தடவை கூப்பிட்டால்தான் மனுஷர் என்பது பழைய நம்பிக்கை. ஒரு தடவையோடு நின்றுவிட்டால் அது வேறு. பக்கத்து வீட்டு அத்தை மட்டும் முதல் தடவையே "இன்னாம்மா" என்று கதவைத் திறந்துகொண்டு ஓடுவாள். அவள் யாருடைய குரலுக்காகக் காத்திருந்தாள் என்று எங்களுக்குத் தெரியும். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

நான் கேட்டதிலேயே உண்மையான பேய்க் கதை அதுதான். அதற்கடுத்தது ஆயா சொன்னது.

ஆயாவும் அவள் கூட்டாளிப் பெண்களும் விடியற்காலை இருட்டிலேயே கிளம்பிவிடுவார்கள். முதலில் போனால்தான் முதல் வியாபாரம். பாலத்தில் விளக்கு கிடையாது. மார்கழி மாதப் பனியில் எதிரில் வருகிற ஆள் தெரியாது. அப்போதெல்லாம் முன்னால் ஒருத்தி போவாளாம். தலையில் கூடை, முழங்காலுக்குமேல் தூக்கிச் செருகிய புடவை, வேக நடை. இவர்கள் வேகமாக நடந்தால் அவளும் வேகமாக நடப்பாள். இவர்கள் நின்றால் அவளும் நிற்பாள். எட்டிப் பிடித்ததே இல்லை. அக்கரை மணலில் இறங்கினால் காணோம்.

"பயமா இல்லையா ஆயா?"

"இன்னாத்துக்குப் பயம்? அவளும் யாவாரத்துக்குத்தான் போறா."

யார் அவள் என்று அவர்களுக்குள் பேச்சு இருந்தது. வாராவதி வருவதற்கு முன்னால் ஆத்துவாயை நடந்தே கடந்த காலத்தில் கூடையோடு தண்ணீரில் போனவள் என்று ஒருத்தி சொல்வாளாம். ஆயா ஒத்துக்கொள்ள மாட்டாள். பெயர் வைக்கவில்லை. 'முன்னாடி போறவ' அவ்வளவுதான். கிளம்பும்போது இருட்டாக இருந்தால், "வாங்கடி, முன்னாடி போறவ போயிருப்பா" என்று ஒருவரை ஒருவர் அவசரப்படுத்துவார்கள். அவள் நடந்த இடத்தில் கால் வைத்தால் ஓட்டை உடைசல் இருக்காது என்று ஒரு நம்பிக்கை. அவள் போகிறவரைக்கும் பாலம் நல்லாத்தான் இருக்கிறது என்று அர்த்தம்.

இந்தக் கதை எந்தப் பட்டியலிலும் இல்லை. இதைச் சொன்னவர்களில் இன்றைக்கு யாரும் இல்லை.

ஆயா போய்ச் சேர்வதற்கு முந்தின வருஷம் ஒருநாள் அவளை அங்கே கூட்டிப் போனேன். அவளாகக் கேட்கவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை. ஆட்டோ பிடித்து, பெரிய பாலம் சுற்றி, பெசன்ட் நகர் போய், குப்பத்து வழியாக மணலில் மெதுவாக நடத்திக் கூட்டிப் போனேன். சாயங்காலம் நாலரை மணி இருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் போட்டோ எடுக்க வந்த ஒரு ஜோடி, கிரிக்கெட் மட்டையோடு நாலு பையன்கள், பாலத்தின் பக்கச் சுவரெல்லாம் யார் யாரோ எழுதிய பெயர்கள். கைப்பிடிச் சுவர் பல இடத்தில் இல்லை. இருட்டிய பிறகு அங்கே போகாதீர்கள் என்று நான் சொல்வது அதற்காகத்தான். விழுந்தால் கீழே சுழல்.

ஆயா என் தோளைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தாள். பாதி தூரத்தில் என் கையை விட்டுவிட்டாள். நடை மாறியது. முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது, கழுத்து அசையவில்லை, தலையில் கூடை இருக்கிற நடை. நான் பின்னாலேயே போனேன்.

முனைக்குக் கொஞ்சம் முன்னால் நின்றாள். எதிர்க்கரையில் சீனிவாசபுரத்து வீடுகள் தெரிந்தன, எங்கள் பக்கத்து போட்டுகள், காயப்போட்ட வலை. ஒரு பிள்ளையைக் கூப்பிடும் குரல்கூட காற்றில் வந்தது. அவ்வளவு கிட்டே. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் அவள் அழுவாள் என்று நினைத்தேன்.

"அவ இன்னா பண்ணுவா இப்ப?" என்றாள்.

"யாரு ஆயா?"

"முன்னாடி போறவ. இதோட முடிஞ்சிபூட்ச்சே. இங்க வந்து நின்னுக்கினு, திரும்பி, நின்னுக்கினு..." கையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினாள். "எம்மா வருசமாச்சு."

இடுப்பிலிருந்த சுருக்குப் பையை எடுத்துத் திறந்தாள். ஒரு வெற்றிலை, சுண்ணாம்பு, ஒரு துண்டுப் பாக்கு. தனக்குப் போட்டுக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். மடித்து, குனிய முடியாமல் குனிந்து, பாலம் முடிகிற இடத்தில் வைத்தாள். காற்று அதைத் தூக்கப் பார்த்தது. உடைந்த சிமென்ட்டுத் துண்டு ஒன்றை எடுத்து அதன்மேல் வைத்து, அசைகிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"வா, ஆட்டோக்காரன் கத்துவான்" என்றாள்.